சத்தம் போடாத மோட்டர்

பேசாலை,
12.01.2024

அன்புத் தம்பி றொசாந்தனுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். உன் இருமல் நின்றதா? நீர்கொழும்பில் இன்னும் மழையா? நாங்கள் மருதமடுத் தாயாரின் தயவில் இருக்கிறோம்.

போனில் கேட்கவேண்டியதை எதற்குக் கடிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் போனில் பேசினால் உன் அத்தான் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கடலடியில் இருந்து அவசரமாக மேலே வந்த அன்று இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது மட்டுமா, காதும் போய்விட்டது. தன்னைப் பற்றித்தான் மறைவாகப் பேசுகிறோம் என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். கடிதம் என்றால் அவரும் வாசிப்பார்.

கட்டிலில் விழுந்து இரண்டு வருசமாக அவர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு சாப்பாடும் குறைந்துவிட்டது. பட்டினி கிடந்தே போய்விட நினைக்கிறாரோ என்று எனக்குப் பயம். போன கிழமை திடீரென்று சொன்னார்: "கடலுக்கு நான் போக ஏலாது. கடலில கொஞ்சத்தையெண்டாலும் இஞ்ச கொண்டு வரலாமே?" கடலட்டை பிடிக்கச் சுழியோடும்போது பார்த்த பவளப் பாரை, அந்தக் கல்லையும் பாசியையும் சின்ன மீனையும், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

அவரோடு ஒரே போட்டில் போன ஜெனிஸ்ரன் கல்லும் மீனும் கொண்டு வருவான். ஹலீம் நானா தன் கடையில் இரண்டடித் தொட்டி ஒட்டித் தருகிறேன் என்கிறார். தண்ணீரைச் சுத்தம் செய்ய என்ன பில்ரர் வாங்குவது? நீ வளர்ப்பு மீன் ஏற்றுமதிக் கம்பனியில் இருக்கிறாய், உனக்குத்தானே தெரியும். சுணங்காமல் எழுது.

உன் அக்கா,
அன்ரோனெற்


நீர்கொழும்பு,
20.01.2024

அன்பின் அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருமல் நின்றுவிட்டது. அத்தானின் முதுகுப் புண் ஆறுகிறதா? அத்தான், நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரிந்ததால் சொல்கிறேன், சாப்பிடுங்கள். சாப்பிடாத ஆளுக்கு நான் பில்ரர் தேட மாட்டேன்.

அக்கா, மீன் கழிப்பதும் மிஞ்சிய தீனும் தண்ணீரில் நஞ்சாகும். அந்த நஞ்சைத் தின்று தீர்க்கிற, கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் இருக்கின்றன. பில்ரர் என்பது அவை குடியிருக்கிற வீடு. கடற்கல்லிலும் அவை இருக்கும். அதனால் ஜெனிஸ்ரன் அண்ணனிடம் சொல்லுங்கள், வலையில் சிக்கி வருகிற, பாசி பிடித்த கல்லே போதும். உயிருள்ள பவளத்தை உடைக்கவே கூடாது. அது சட்டத்துக்கும் விரோதம், பாருக்கும் பாவம்.

இரண்டடித் தொட்டிக்குப் பஞ்சு பில்ரரே போதும். ஒரு சின்னக் காற்று மோட்டர், ஒரு குழாய், ஒரு பஞ்சு. விலையும் குறைவு, பழுதாகவும் அதில் ஒன்றுமில்லை. பெரிய தொட்டிகளுக்கு நுரை எடுக்கிற ஒரு சாமான் பூட்டுவோம், உங்களுக்கு அது தேவையில்லை. கடல் வாசலில் இருக்கிறது, கிழமைக்கு ஒரு வாளி மாற்றினால் சரி.

ஒன்று மட்டும் கவனம். வெயிலுக்குத் தண்ணீர் வற்றினால் கடல் தண்ணீர் ஊற்றி நிரப்பாதீர்கள். வற்றுவது தண்ணீர், உப்பு வற்றாது. நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கடற்கரைக்காரர் எல்லோரும் விடுகிற பிழை இது.

அன்புத் தம்பி,
றொசாந்தன்


பேசாலை,
02.02.2024

அன்புத் தம்பிக்கு,

தாயார் உன்னைக் காக்க. உன் கடிதத்தை அத்தான் இரண்டு தரம் வாசித்தார். "பெடியன் எனக்குச் சட்டம் படிப்பிக்கிறான்" என்று சொல்லிவிட்டு அரைக் கோப்பை கஞ்சி குடித்தார். உனக்குப் புண்ணியம்.

ஹலீம் நானா தொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். நீ சொன்ன பஞ்சு பில்ரரை மன்னார் ரவுணில் ஒரு கடையில் போட்டுக் காட்டினார்கள். தம்பி, அது போடுகிற சத்தம்! காற்று மோட்டர் ஒரு பக்கம் இரைகிறது, தண்ணீர் ஒரு பக்கம் கொறகொற என்கிறது. தொட்டிக்குப் பின்னால் கொழுவுகிற இன்னொன்றும் பார்த்தேன், அதில் தண்ணீர் விழுகிற சத்தம் ஓயாது.

அத்தானுக்குக் கேளாது, அவருக்கு என்ன? எனக்குத்தான் கேட்கவேண்டும். தன் குரல் தனக்கே கேளாததால் அவர் மிகவும் மெதுவாகத்தான் கூப்பிடுவார். நான் கீழே பாய் போட்டுப் படுத்திருப்பேன். அவர் "அன்ரோ" என்றால் எழும்பிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நான் கேளாமல் தூங்கிய ஒரு நாளில்தான் முதுகுப் புண் வெடித்தது.

ஆகவே சத்தம் போடாத பில்ரர் ஒன்று இருந்தால் சொல். விலை கூடினாலும் பரவாயில்லை, காப்பை அடகு வைக்கலாம்.

அன்புடன்,
அக்கா


நீர்கொழும்பு,
09.02.2024

அன்பின் அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். காப்பு கையிலேயே இருக்கட்டும்.

இத்துடன் பஸ்ஸில் ஒரு பார்சல் அனுப்புகிறேன், நானே வாங்கியது, புத்தம் புதிது. மூடி போட்ட வாளி மாதிரி இருக்கும். கனிஸ்ரர் என்பார்கள். கட்டிலுக்குக் கீழே வைத்து, ஒரு குழாயால் தண்ணீர் இறங்கவும் மற்றக் குழாயால் ஏறவும் பூட்ட வேண்டும். உள்ளே பஞ்சும் கிருமிகள் குடியிருக்கிற சின்னச் சின்ன ஓட்டுத் துண்டுகளும் இருக்கின்றன. காதை வைத்துக் கேட்டாலொழிய ஓடுவதே தெரியாது. அத்தான் மூச்சுவிட்டாலும் உங்களுக்குக் கேட்கும்.

இது நிற்காமல் ஓட வேண்டும். கரண்ட் ஒரு மணி, இரண்டு மணி போனால் பயப்படாதீர்கள், மீனுக்கு ஒன்றும் ஆகாது. முதல் மூன்று கிழமை கல்லை மட்டும் போட்டு ஓட விடுங்கள். பிறகு மீனை ஒவ்வொன்றாக விடுங்கள். ஜெனிஸ்ரன் அண்ணன் அன்பு மிகுதியில் வலை நிறையக் கொண்டு வந்து கொட்டிவிடுவார், தடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
றொசாந்தன்


பேசாலை,
10.03.2024

என் செல்லத் தம்பிக்கு,

ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும். நீ சுகமாக இருக்கிறாயா? இங்கே என்ன நடக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டாய். உன் அத்தான் நேற்று புட்டும் மீன் சொதியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்!

தொட்டியில் இப்போது ஏழு மீன். கறுப்பில் வெள்ளைப் பொட்டு வைத்தவை மூன்று. மற்றவை எல்லாம் விரல் நீளத்தில் கல்லிடுக்கில் வாழ்கிறவை. சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று. அத்தான் விடிந்ததும் அந்தப் பக்கம் புரட்டிவிடச் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார். எந்நேரமும் கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்து சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வருகிற ஒன்றுக்கு உன் பெயர். பாசி ஆடுவதைப் பார்த்து, "நீரோட்டம் வடக்கால" என்கிறார். பார்த்துவிட்டு என்னையும் பார்த்துச் சிரிக்கிறார். சுவரைப் பார்த்துக் கிடந்த மனுசன், தம்பி.

மோட்டருக்குச் சத்தமே இல்லை. அவர் கூப்பிட்டது ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது.

தபசு காலம் நடக்கிறது. இந்த முறை பெரிய கிழமையை அப்பா இருந்த காலத்தைப் போலக் கடுமையாகப் பிடிக்கப் போகிறேன். பெரிய வியாழன் பூசை முடிந்து வந்ததும் அப்பா சுவர் மணிக்கூட்டை நிறுத்துவாரே, நினைவிருக்கிறதா? "கர்த்தர் கல்லறைக்க கிடக்கேக்க வீட்டில ஒண்டும் சுத்தக்கூடாது" என்பார். தண்ணீரும் குடிக்காமல் ஒருசந்தி பிடிப்பேன். அத்தான் எழும்பி ஓரடி வைக்கவேண்டும். அதுதான் என் நேர்த்திக்கடன். நீயும் எங்களுக்காக மன்றாடு. பதில் எழுது.

அன்பு மாறாத அக்கா,
அன்ரோனெற்


பேசாலை,
02.04.2024

அன்புத் தம்பிக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். உன் சுகத்துக்கு எழுது. என் கடிதத்துக்குப் பதிலையும் காணவில்லை.

மீன் எல்லாம் செத்துவிட்டது. உயிர்ப்பு ஞாயிறு விடியப் பார்க்கிறேன், ஏழும் மேலே மிதக்கிறது. தண்ணீர் கலங்கி நாறியது. சங்கு நண்டு மட்டும் கல்லின் மேல் ஏறிக் கிடந்தது, அதை வாளியில் எடுத்துவிட்டேன். மோட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, நான் தொட்டுப் பார்த்தேன். தீன் கூடப் போடவில்லை, நல்ல தண்ணீர்தான் ஊற்றினேன், நீ சொன்ன எல்லாம் செய்தேன்.

ஆண்டவர் உயிர்த்த நாளில் என் வீட்டுக்குள் ஏன் இந்தச் சாவு? நான் அவரிடம் கேட்டதற்கு இதுதான் பதிலா? அத்தான் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளுகிறார்.

என்ன பிழை நடந்தது தம்பி? எனக்குத் தெரியவேண்டும். தெரியாமல் எனக்கு நித்திரை வராது.

அக்கா


பேசாலை,
04.04.2024

மச்சான் றொசாந்தனுக்கு,

கிறகரி எழுதுவது. நலம் விசாரிக்க நேரமில்லை, அவள் கோயிலால் வருவதற்குள் ஜெனிஸ்ரனிடம் இதைக் கொடுத்துவிட வேண்டும். அவனே தபாலில் போடுவான்.

மோட்டரை நிறுத்தியது அன்ரோதான். பெரிய வியாழன் பூசையால் வந்து மணிக்கூடு, விசிறி, றேடியோ எல்லாம் நிறுத்தினாள். அப்படியே கையோடு கையாக அதையும் நிறுத்தினாள். அவளுக்கு அது நினைவில் தங்கியதாகக்கூடத் தெரியவில்லை. எனக்குக் காதுதான் இல்லை, கண் இருக்கிறது. பாசி ஆடாமல் நின்றது.

சுவிச் கட்டிலுக்கு அங்காலே, எனக்கு எட்டாது. அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல், எனக்காக முழங்காலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். விசிறியை நிறுத்திவிட்டு ஓலை விசிறியால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல? கடலும் சில நாள் அசையாமல் கிடக்கும், மீன் தாங்கும் என்று நினைத்தேன். தாங்கிக்கொண்டுதான் இருந்தன. சனி இரவு பாஸ்காப் பூசையால் வந்து சுவிச்சைப் போட்டாள். மூடிய வாளிக்குள் இரண்டு நாள் ஓடாமல் கிடந்து கெட்ட தண்ணீர் குழாயால் கறுத்து வந்தது. பிறகுதான் எல்லாம் செத்தன.

தன் நேர்த்திதான் மீனைக் கொன்றது என்று அறிந்தால், தன் மன்றாட்டுக்கு ஆண்டவர் தந்த பதில் அது என்றே எடுப்பாள். அவள் கோயிலை விட்டால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? என்னையா? நான் எத்தனை நாளைக்கு?

வேறு ஏதாவது காரணம் எழுது. உன்னில் பழி வந்தாலும் தாங்கிக்கொள்.

கிறகரி


நீர்கொழும்பு,
11.04.2024

அன்பின் அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் பங்குனிக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். இங்கே ஏற்றுமதி வேலை நெருக்கம். எழுதாமல் விட்டது என் குற்றம், அதை நான் மறக்க மாட்டேன்.

மீன் செத்ததற்குக் காரணம் நீங்கள் இல்லை. நான் அனுப்பிய கனிஸ்ரர்தான். புதிது என்று பொய் சொன்னேன். அது கம்பனியில் கழித்துப் போட்டது. கழுவி அனுப்பினேன். மூடியில் இருக்கிற ரப்பர் இற்றுப்போய், உள்ளே தண்ணீர் பழுதாகிவிட்டிருக்கும். வெளியே ஓடுவது போலத்தான் தெரியும். நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தப்பியிருக்காது.

நீங்கள் பிடித்த ஒருசந்திக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆண்டவரை இதற்குள் இழுக்காதீர்கள். என்னை மன்னியுங்கள். அத்தானும் மன்னிக்கவேண்டும்.

றொசாந்தன்


பேசாலை,
22.04.2024

றொசாந்தனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம் விசாரிக்க மனம் வரவில்லை.

காப்பை வைக்கிறேன் என்று சொன்னேனே. புதிது வாங்க வழியில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே. நோயாளி மனுசனின் கட்டிலுக்குக் கீழே குப்பையை அனுப்பியிருக்கிறாய். அந்த ஏழு மீனும்தான் அவருக்குச் சாப்பாடு ஊட்டியவை. நீ என் கூடப் பிறந்தவனா?

உன் கடிதத்தை அத்தானிடமும் கொடுத்தேன். வாசித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "அவனை ஏசாத" என்றார். உனக்காகப் பேச அவருக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு உன்னைப் பார்க்கவும் வேண்டாம், நீ எழுதவும் வேண்டாம்.

அன்ரோனெற்


நீர்கொழும்பு,
05.11.2024

அன்பின் அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள், நானும் இவ்வளவு நாள் எழுதவில்லை. அத்தான் போன செய்தியையும் ஜெனிஸ்ரன் அண்ணன்தான் போனில் சொன்னார். புண்ணில் கிருமி இரத்தத்துக்குள் போய்விட்டது என்றார். ஓடி வந்தேன். சேமக்காலையில் எல்லோரும் மண் போட்டபோது உங்கள் பக்கத்தில் நின்றேன். நீங்கள் என் கையைப் பிடிக்கவில்லை. அதற்காகக் குறை சொல்லி எழுதவில்லை, அக்கா. பிடித்திருந்தால் நான் அழுது ஏதாவது உளறியிருப்பேன்.

மரித்த விசுவாசிகளின் நாளில் அத்தானுக்குப் பூசை கொடுத்தேன்.

சங்கு நண்டு இன்னும் வாளியில் இருக்கிறது, நீங்கள் ஒவ்வொரு நாளும் கடல் தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்காக ஒரு பார்சல் அனுப்புகிறேன். பஞ்சு பில்ரர்தான். முதலே இதைத்தான் அனுப்பியிருக்க வேண்டும். பெட்டி உடைக்காமல் இருக்கிறது, ஹலீம் நானாவைக் கொண்டு பார்ப்பித்துக்கொள்ளுங்கள். சத்தம் போடும். ஆனால் இதை நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது. ஒரு நாள், இரண்டு நாள் நின்றாலும் பஞ்சைக் கடல் தண்ணீரில் அலசிவிட்டுத் திரும்பப் போடலாம், பயமில்லை.

சாப்பிடுங்கள், அக்கா.

றொசாந்தன்


பேசாலை,
14.01.2025

தம்பி றொசாந்தனுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். இருக்கிறேன். நீ சுகமா?

பார்சலை உடைக்காமல் அலுமாரிக்கு மேலே போட்டு வைத்திருந்தேன். நத்தாருக்கு வீடு தூசு தட்டும்போது கையில் வந்தது. நண்டைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. ஜெனிஸ்ரன் இரண்டு கல் கொண்டுவந்தான். தொட்டியைக் கழுவி, நீ அனுப்பியதைப் பூட்டினேன். பிறகு வெள்ளைப் பொட்டு மீன் ஒன்றையும் கொண்டுவந்து விட்டான்.

அது கொறகொற என்று இரைந்துகொண்டே கிடக்கிறது. இரையட்டும். இனி இந்த வீட்டில் நான் காது கொடுத்துக் கேட்கவேண்டிய குரல் ஒன்றுமில்லை. சில வேளை சத்தத்துக்குள் அவர் கூப்பிட்டது போல இருந்து எழும்பி உட்காருவேன். பிறகு படுத்துவிடுவேன்.

நீ செய்ததை மறந்தேன் என்று நினைக்காதே. கோபத்தைத் தூக்கிக்கொண்டு திரிய இப்போது பலம் இல்லை, அவ்வளவுதான்.

அக்கா


பேசாலை,
19.04.2025
பெரிய சனி

என் தம்பிக்கு,

ஆண்டவர் உன்னைக் கைவிடாதிருப்பாராக. உன் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இருமல் திரும்ப வந்ததா? இதையெல்லாம் ஒரு வருசமாகக் கேட்காமல் இருந்துவிட்டேன்.

நேற்று முன்தினம் பெரிய வியாழன். பூசையால் வந்து வழக்கம்போல மணிக்கூட்டை நிறுத்தினேன். விசிறி, றேடியோ. அப்படியே கை தொட்டிச் சுவிச்சுக்குப் போனது. நான் நினைத்துப் போடவில்லை தம்பி, கை தானாகப் போனது. போய்ச் சுவிச்சில் இருந்தபோதுதான், போன வருசமும் இந்தக் கை இங்கேதான் வந்தது என்று விளங்கியது. வியாழன் நிறுத்தினேன். சனி இரவு போட்டேன். ஞாயிறு செத்துக் கிடந்தன.

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

அவர் தொட்டியைப் பார்த்தபடிதானே படுத்திருந்தார்? இரண்டு நாளும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. "நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது, ஒரு நாள் இரண்டு நாள் நின்றாலும் பயமில்லை" என்று எழுதினாய். மோட்டரை யாராவது இரண்டு நாள் நிறுத்துவார்களா, தெரியாதவன் அப்படி எழுதுவானா? கழித்துப் போட்ட சாமானை நீ எனக்கு அனுப்ப மாட்டாய் என்று உன்னைத் தூக்கி வளர்த்த எனக்கே தெரியாமல் போனதே. ஏசினேன். சேமக்காலையில் வைத்து உன் கையைப் பிடிக்கவில்லை. வாசல் வரை வந்தவனைச் சாப்பிட்டுப் போ என்று சொல்லவில்லை. அன்றைக்கு நீ பேசாலையில் யார் வீட்டில் சாப்பிட்டாய் என்று நினைத்து நினைத்து இரண்டு நாளாக அழுகிறேன்.

அவருக்காக நான் பிடித்த ஒருசந்திதான் அவருடைய மீனைக் கொன்றது. போன வருசமே இதை அறிந்திருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன், கோயில் வாசலை மிதித்திருக்க மாட்டேன். அவர் சாகும்வரை செபமாலை சொல்ல எனக்கு வாய் வந்ததே, அது நீங்கள் இரண்டு பேரும் பொய் சொல்லி எனக்குத் தந்தது.

இதற்குப் பதில் எழுதாதே. அவர் உனக்கு ஏதாவது எழுதியிருந்தால் எனக்குக் காட்டவும் வேண்டாம். அவர் மறைத்தது மறைத்தபடியே இருக்கட்டும்.

மோட்டரை நான் நிறுத்தவில்லை. நேற்று ஊர் முழுக்க அடங்கிக் கிடந்தது, கோயிலில் மணிக்குப் பதிலாக மரக்கட்டைதான் தட்டினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது இரைந்துகொண்டிருந்தது. அப்பா இருந்தால் ஏசியிருப்பார். வெள்ளைப் பொட்டு மீன் இப்போதுதான் தீன் தின்றது.

கடிதம் கிடைத்ததும் லீவு கேட்டுக்கொண்டு பஸ் ஏறு. புட்டும் மீன் சொதியும் வைக்கிறேன். இங்கே வந்து சாப்பிடு.

உன் அக்கா,
அன்ரோனெற்